அதிர்வுத் தளத்தை மறக்காத ஒளி

1921 செப்டம்பர். இங்கிலாந்திலிருந்து பம்பாய் நோக்கி வந்துகொண்டிருந்த எஸ்.எஸ். நர்குண்டா கப்பலின் மேல்தளத்தில் நின்று, சி.வி. ராமன், ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் நிகோல் பட்டகம் ஒன்றின் வழியே கடலைப் பார்த்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று ஆங்கில இயற்பியலாளர் ராலே சொல்லியிருந்தார். ராமனுக்கு அது ஒப்பவில்லை. நீர்ப்பரப்பில் சுமார் 53 பாகைக் கோணத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஒரே தளத்தில் அதிரும். பட்டகத்தைத் தக்கபடி திருப்பினால் அந்த ஒளி அணைந்துவிடும். ராமன் அப்படித் திருப்பி வானத்தின் பிரதிபலிப்பை அணைத்த பிறகும் நீலம் போகவில்லை, முன்னைவிட அடர்த்தியாகவே தெரிந்தது. அது நீரின் உள்ளிருந்து சிதறி வரும் நீலம். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் ‘நேச்சர்’ இதழுக்கு அவர் இதைக் கடிதமாக எழுதி அனுப்பினார்.

இதே உத்தியை 70 ஆண்டுகள் கழித்து மனிதத் தோலில் செய்து பார்த்தார் பாஸ்டன் நகரத் தோல் மருத்துவர் ராக்ஸ் ஆண்டர்சன். 1991-இல் அவர் விவரித்த முறை மிக எளிது. விளக்கின் முன், ஒரே தளத்து அதிர்வை மட்டும் விடும் தளவிளைவுத் தகடு ஒன்று, கேமராவின் முன் இன்னொன்று. இரண்டையும் குறுக்காக வைத்தால் தோலின் எண்ணெய்ப் பளபளப்பு மறைந்து, அடியிலுள்ள ரத்தக் குழாய்களும் நிறமிகளும் தெளிவாகத் தெரியும். இணையாக வைத்தால் சுருக்கங்களும் மேற்பரப்பின் மேடுபள்ளங்களும் எடுப்பாகத் தெரியும். இன்று தோல் மருத்துவர்கள் மச்சங்களைப் பார்க்கக் கையில் எடுக்கும் டெர்மாஸ்கோப் கருவிகள் பலவற்றில் இந்தத் தகடுகள் உள்ளன.

ஆனால் பளபளப்பை நீக்குவது தொடக்கம் மட்டுமே. திசுவின் உள்ளிருந்து வரும் ஒளியில் எது முதல் செல் அடுக்கைத் தொட்டுத் திரும்பியது, எது ஆழத்தில் அலைந்து திரிந்து வந்தது என்று பிரிக்க முடியுமா? பிரித்தால், அந்த முதல் அடுக்கில் உள்ள துகள்களின் அளவை ஊசியோ கத்தியோ இல்லாமல் அறிய முடியுமா? இந்த அத்தியாயம் சொல்லப்போவது அந்தத் தேடலின் கதையை.

ஒளி ஒரு குறுக்கலை. அது செல்லும் திசைக்குச் செங்குத்தாக அதன் மின்புலம் அதிர்கிறது. சூரிய ஒளியிலும் விளக்கொளியிலும் அந்த அதிர்வு எல்லாத் தளங்களிலும் கலந்திருக்கும். ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டினால் அது தளவிளைவுற்ற ஒளி. 1669-இல் டென்மார்க்கின் எராஸ்மஸ் பார்தோலின், ஐஸ்லாந்திலிருந்து வந்த கால்சைட் படிகத்தின் வழியே பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவதைப் பதிவு செய்தார். ஒளி படிகத்துக்குள் இரு தளங்களாகப் பிரிவதே அதற்குக் காரணம் என்பது பின்னர்தான் விளங்கியது. 1808-இல் பாரிஸில் எத்தியென் லூயி மாலுஸ், லக்சம்பர்க் அரண்மனைச் சன்னல் கண்ணாடிகளில் தெறித்த மாலை வெயிலை அத்தகைய படிகத்தால் பார்த்துக்கொண்டிருந்தபோது, பிரதிபலிப்பே ஒளியைத் தளவிளைவுறச் செய்யும் என்று கண்டுகொண்டார்.

மலிவான தளவிளைவுத் தகடு பிறந்த இடமோ யாரும் எதிர்பாராதது. 1852-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர் வில்லியம் பேர்ட் ஹெரபாத் சில விந்தையான பச்சைப் படிகங்களைப் பற்றி எழுதினார். குவினைன் கொடுக்கப்பட்ட ஒரு நாயின் சிறுநீரில் அவருடைய மாணவர் அயோடினைச் சேர்த்தபோது உண்டானவை அவை. ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே கிடந்த இடங்களில் படிகங்கள் கறுத்துத் தெரிந்தன. அதாவது ஒவ்வொரு படிகமும் ஒரு தளத்து அதிர்வை மட்டுமே விட்டது. ஆனால் அவை மிகவும் நொய்ந்தவை, பெரிதாக வளர்க்க முடியவில்லை. பெரிய படிகம் வேண்டாம், நுண்ணிய படிகங்களைக் கோடிக்கணக்கில் ஒரே திசையில் அடுக்கி ஒரு படலத்தில் பதித்தால் போதும் என்ற எண்ணம் எட்வின் லேண்ட் என்ற அமெரிக்க இளைஞருக்கு வந்தது. 1929-இல் அதற்குக் காப்புரிமை கோரினார். போலராய்டு தகடு இப்படித்தான் வந்தது. ஒரு விலங்கின் உடலிலிருந்து வெளியேறிய நீரில் கிடைத்த பொருள், உடல் திசுக்களை ஆராயும் கருவிக்கு வழி திறந்தது என்பது அறிவியல் வரலாற்றின் அழகான தற்செயல்களில் ஒன்று.

இனி சிதறல். 1869-இல் லண்டனில் ஜான் டிண்டால், மிக நுண்ணிய துகள்கள் மிதக்கும் ஆவியில் ஒளிக்கற்றையைச் செலுத்தினார். பக்கவாட்டில் சிதறிய ஒளி நீலமாக இருந்தது. கற்றைக்குச் செங்குத்தாகப் பார்த்தபோது அது ஏறத்தாழ முழுமையாகத் தளவிளைவுற்றிருந்தது. 1871-இல் ராலே அதற்குக் கணிதம் கொடுத்தார். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள், குறுகிய அலைநீளங்களை மிக அதிகமாகச் சிதறடிக்கும். அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்காகும்.

அலைநீளத்துக்கு ஒத்த அளவும் அதற்கு மேலும் உள்ள துகள்களுக்கு இந்த விதி போதாது. 1908-இல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் குஸ்டாவ் மீ, கூழ்மத் தங்கக் கரைசல்களின் வண்ணங்களை விளக்க முனைந்தார். மின்காந்த அலைகளுக்கான மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை ஒரு கோளத்துக்கு முழுமையாகத் தீர்த்து, எந்த அளவுக் கோளம் எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளியை எந்தத் தளத்தில் சிதறடிக்கும் என்று கணக்கிட வழி சொன்னார். கணிப்பொறி இல்லாத காலம் அது. அந்தக் கணக்கின் உழைப்பை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. கோளம் பெரிதாகப் பெரிதாக ஒளி பெரும்பாலும் முன்னோக்கியே சிதறும் என்பதும், அலைநீளத்தை மாற்றிக்கொண்டே போனால் சிதறலின் அளவு ஏறி இறங்கும் என்பதும் அந்தக் கணக்கில் அடக்கம். இந்த இரண்டாவது செய்திதான் பின்னாளில் புற்றுநோய் ஆய்வுக்குள் நுழைந்தது.

உடல் திசு என்பது பல அளவுத் துகள்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் கலங்கிய ஊடகம். ரைபோசோம் சுமார் 25 நானோமீட்டர். லைசோசோம்களும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு மைக்ரானின் பின்னத்திலிருந்து சில மைக்ரான் வரை. உட்கரு 5 மைக்ரானும் அதற்கு மேலும். இவற்றின் ஒளிவிலகல் எண்கள் ஒன்றுக்கொன்று சிறிதளவே வேறுபடுகின்றன. செல்லின் சைட்டோபிளாசத்துக்குச் சுமார் 1.36, உட்கருவுக்கு 1.4-ஐ ஒட்டி. ஆயினும் நெருக்கம் அதிகம் என்பதால், திசுவுக்குள் புகும் கண்ணுறு ஒளி ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டருக்கு ஒருமுறை எதன்மீதாவது மோதித் திசை மாறுகிறது. பெரும்பாலும் முன்னோக்கியே சிதறுவதால் சற்றுத் தாக்குப்பிடிக்கிறது. ஆனாலும் 1 மில்லிமீட்டர் போவதற்குள் எங்கிருந்து வந்தோம் என்ற தடயமே அதனிடம் இருக்காது.

மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை எபிதீலியம் என்னும் மேல்படலத்தில் தொடங்குகின்றன. பெருங்குடலில் அது ஒரே ஒரு செல் அடுக்கு. நோய் முற்றும் முன்பே அந்தச் செல்களின் உட்கருக்கள் பருக்கின்றன, நெருங்குகின்றன, அளவில் ஒன்றுபோல் இல்லாமல் போகின்றன. நோய்க்குறியியல் மருத்துவர் பயாப்சித் துண்டைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் தேடுவது இவற்றையும்தான். சிக்கல் என்னவென்றால், எண்டோஸ்கோப்பின் வழியே பார்க்கும் மருத்துவரின் கண்ணுக்கு இந்த மாற்றம் தெரிவதில்லை. பாரெட் உணவுக்குழாய் என்ற நிலையில், நீண்ட நாள் அமில எதுக்களிப்பால் உணவுக்குழாயின் படலம் குடல் படலத்தின் தன்மைக்கு மாறிவிடுகிறது. அங்கே ஒவ்வொரு 1 அல்லது 2 சென்டிமீட்டருக்கும் நான்கு பக்கமும் குத்துமதிப்பாகத் துண்டெடுப்பது நடைமுறை. எடுக்காமல் விட்ட இடத்தில் நோய் இருந்தால்?

எம்.ஐ.டி.யில் மைக்கேல் ஃபெல்ட் தலைமையிலான நிறமாலையியல் ஆய்வகம் இந்தக் கேள்வியை 1990-களில் கையிலெடுத்தது. லெவ் பெரெல்மன், வாடிம் பேக்மன், ராமச்சந்திர தாசரி, இர்விங் இட்ஸ்கன் முதலியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். திசுவிலிருந்து திரும்பும் ஒளியில் எபிதீலிய உட்கருக்களால் ஒரே முறை சிதறித் திரும்புவது சில சதவீதமே. மீதியெல்லாம் அடியிலுள்ள இணைப்புத் திசுவில் பலமுறை மோதி, ரத்தத்தின் ஹீமோகுளோபினால் உறிஞ்சப்பட்டு, சிவந்து வருவது. 1998-இல் அவர்கள் வெளியிட்ட முதல் முறையில் இந்தப் பெரும் பின்னணியைக் கணித மாதிரி ஒன்றால் மதிப்பிட்டுக் கழித்தார்கள். மாதிரியில் சிறு பிழை இருந்தாலும் எஞ்சும் சில சதவீதம் கெட்டுப்போகும்.

அடுத்த ஆண்டு பேக்மனும் குழுவினரும் தளவிளைவைக் கொண்டுவந்தார்கள். தேர்த் திருவிழாக் கூட்டத்துக்குள் கொடிக்கம்பை நிமிர்த்திப் பிடித்தபடி நுழைகிறவர், முதல் ஆளிடம் மோதியதும் திரும்பி வந்தால் கம்பு நிமிர்ந்தே இருக்கும். நடுக்கூட்டத்தில் இடிபட்டு வெளியே வருகிறவரின் கம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒளியும் அப்படித்தான். ஒருமுறை சிதறித் திரும்பும் ஒளி தன் அதிர்வுத் தளத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்கிறது. பலமுறை சிதறியது தளத்தை இழக்கிறது, அதாவது அதன் சரிபாதி இணைத் தகடு வழியே வரும், சரிபாதி குறுக்குத் தகடு வழியே வரும். ஆகவே இரண்டு தகடுகள் வழியேயும் ஒளியை அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஆழத்து ஒளி தானாகவே அடிபட்டுப் போகிறது. ஹீமோகுளோபினின் தடமும் அதோடு போய்விடும். எஞ்சுவது முதல் அடுக்கின் ஒளி. தோலின் பளபளப்புப் போன்ற மேற்பரப்புப் பிரதிபலிப்பும் தளத்தைக் காப்பதால், அதை மட்டும் சாய்வாக ஒளியூட்டித் தனியே விலக்க வேண்டும்.

கழித்து எஞ்சிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் அதில் சிற்றலைகள் தெரிகின்றன. உட்கருவுக்குள் புகுந்து வரும் அலை, அதைத் தொடாமல் ஓரமாகச் செல்லும் அலையைவிடச் சற்றுப் பின்தங்குகிறது. சில அலைநீளங்களில் இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தும், சிலவற்றில் அணைக்கும். உட்கரு பெரிதானால் பின்தங்கலும் கூடும், நிறமாலையில் ஏற்ற இறக்கங்கள் நெருங்கிவரும். அந்த நெருக்கத்திலிருந்து துகளின் விட்டம் கிடைக்கிறது. ஏற்ற இறக்கத்தின் உயரம், துகள்களின் எண்ணிக்கையையும் ஒளிவிலகல் எண் வேறுபாட்டையும் சொல்கிறது. மீயின் 1908-ஆம் ஆண்டுக் கணக்கைத் தலைகீழாகப் போட்டதுதான் இது. அவர் அளவைக் கொண்டு ஒளியைக் கணக்கிட்டார், இவர்கள் ஒளியைக் கொண்டு அளவைக் கணக்கிட்டார்கள்.

நேரடியாக நோயாளிகளிடம் போய்விடவில்லை. முதலில் அளவு தெரிந்த பாலிஸ்டைரீன் மணிகளை, அடியில் ஒளி சிதறும் கலங்கல் அடுக்கு வைத்து, அதன்மேல் நீரில் மிதக்கவிட்டுச் சோதித்தார்கள். பிறகு குடலின் இயல்பான செல்களையும், டி84 என்ற பெருங்குடல் புற்றுச் செல்களையும் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். கணக்கில் கிடைத்த உட்கரு அளவுகள் நுண்ணோக்கியில் அளந்தவற்றோடு பொருந்தின. 2000-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை பெருங்குடல், வாய், சிறுநீர்ப்பை, பாரெட் உணவுக்குழாய் என்ற நான்கு உறுப்புகளில் புற்றுக்கு முந்தைய மாற்றங்களை ஒளிச்சிதறல் வழியே இனங்காண முடிவதைக் காட்டியது. 2001-இல் ராஜன் குர்ஜாரும் சக ஆய்வாளர்களும் ‘நேச்சர் மெடிசின்’ இதழில், தளவிளைவு முறையை ஒரு புள்ளியிலிருந்து படமாக விரித்தார்கள். எந்த இடத்தில் உட்கருக்கள் பருத்துள்ளன என்ற வரைபடமே அதில் கிடைத்தது. 2010-இல் பெரெல்மன் குழுவினர், எண்டோஸ்கோப்பின் வழியே நுழைந்து உணவுக்குழாயின் சுவரைச் சுற்றிச் சுற்றி வருடும் தளவிளைவுக் கருவியை உண்மையான நோயாளிகளிடம் பயன்படுத்திக் காட்டினார்கள். எங்கே துண்டெடுக்க வேண்டும் என்று மருத்துவருக்கு வழிகாட்டுவது அதன் வேலை.

இந்தப் பட்டியலில் வாய் இருப்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உலகின் வாய்ப்புற்று நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளவர்கள். புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கம் அதற்கு முதன்மைக் காரணம். கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தால், அது தீங்கற்றதா அல்லவா என்று கண்ணால் மட்டும் சொல்வது கடினம். எண்டோஸ்கோப் கூட வேண்டாம், வாயைத் திறந்தால் போதும் என்ற இடத்தில் இப்படியொரு கருவி எளிய வடிவில் கிடைத்தால் அதன் பயன் வேறு எந்த இடத்தையும்விட நம் ஊர்களில்தான் பெரிது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு தடையையும் சொல்லியாக வேண்டும். உட்கரு ஒரு சீரான கோளம் அல்ல. உள்ளே குரோமாட்டின் முடிச்சுகள், நியூக்ளியோலஸ் எல்லாம் உண்டு. மேலும் செல்லுக்குள் சிதறடிப்பது உட்கரு மட்டுமல்ல. லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வகத்தில் ஜூடித் மூரான்ட் முதலியோர் செல் கலவைகளில் நடத்திய அளவீடுகள், பெரிய கோணங்களில் சிதறும் ஒளியில் பெரும்பங்கு மைட்டோகாண்ட்ரியா போன்ற சிறிய உறுப்புகளிலிருந்து வருவதாகக் காட்டின. பின்னோக்கிச் சிதறும் ஒளியை வைத்து உட்கருவை அளப்பவர்களுக்கு இது நேரடியான சவால். மீயின் கோளத்தை விட்டுவிட்டு, செல்லைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து மேக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கணிப்பொறியில் தீர்க்கும் வழியும் வேரூன்றியது. எந்த ஒளி எந்தத் துகளுடையது என்ற வழக்கு இன்றும் முழுதாக முடியவில்லை. அது நல்லதே. இந்தத் துறையின் மிகக் கூர்மையான சோதனைகள் பலவும் அந்த வழக்கிலிருந்து பிறந்தவை.

தளவிளைவு என்றாலே நேர்கோட்டு அதிர்வு என்று நினைத்துவிடக் கூடாது. மின்புலம் திருகுச்சுருள்போல் சுழன்றபடி செல்வதும் உண்டு. அது வட்டத் தளவிளைவு. 1989-இல் மாக்கின்டாஷும் உடன் ஆய்வாளர்களும் கலங்கிய ஊடகங்களில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கண்டார்கள். துகள்கள் சிறியவையானால் நேர்கோட்டுத் தளவிளைவு அதிக நேரம் நிலைக்கிறது. துகள்கள் பெரியவையானால் வட்டத் தளவிளைவு நிலைக்கிறது, ஏனென்றால் பெரிய துகள்கள் ஒளியை மெல்ல மெல்ல முன்னோக்கியே வளைப்பதால் சுழற்சியின் போக்கு குலைவதில்லை. திசுவில் பெரிய துகள்கள் நிறைய உள்ளனவே, அங்கும் வட்டமே நிலைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். அளந்து பார்த்த பல திசுக்களில் நேர்கோட்டு ஒளிதான் அதிக தூரம் தாக்குப்பிடித்தது. ஆய்வகக் கரைசலில் மிதக்கும் மணிகளும், நெருக்கமாக அடுக்கப்பட்ட உயிருள்ள திசுவும் ஒன்றல்ல என்பதற்கு இது கண்கூடான சான்று.

ஓரிகானில் ஸ்டீவன் ஜாக்ஸ் உருவாக்கிய தோல் கேமரா மிக எளிமையான கணக்கைச் செய்தது. இணைப் படத்துக்கும் குறுக்குப் படத்துக்கும் உள்ள வேறுபாட்டை, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது. தோலின் மேலடுக்கிலுள்ள மெலனின் இரண்டு படங்களையும் ஒரே விகிதத்தில் இருளச் செய்வதால், வகுக்கும்போது அதன் தாக்கம் நீங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தோல் புள்ளி, அந்தப் படத்தில் மறைந்துபோகிறது. மாறாக, தோல் புற்றுக் கட்டி தன்னைச் சுற்றியுள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னலைக் குலைத்திருக்கும் இடம் வெளிப்படுகிறது, சில வேளைகளில் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கும் அப்பால் வரை. தோல் நிறத்தால் தடுமாறும் மருத்துவக் கருவிகள் பல இருக்கையில், நிறத்தைக் கணக்கிலிருந்தே நீக்கும் இந்த எண்ணம் கூடுதல் கவனம் பெறத் தகுந்தது. கருமையான தோலில் திரும்பும் ஒளியே குறைவு என்பதால் நல்ல உணரிகள் வேண்டும் என்பதும் உண்மை.

கொலாஜன் என்றதும் சென்னை வந்துவிடுகிறது. 1954-லும் 1955-லும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூலக்கூறு மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து கண்டார்கள். அந்த மூலக்கூறு சுமார் 300 நானோமீட்டர் நீளம், 1.5 நானோமீட்டர் தடிமன். அவை அணிவகுத்து நுண்ணிழைகளாகி, 67 நானோமீட்டருக்கு ஒருமுறை வரும் பட்டைகளோடு தோலிலும் தசைநாணிலும் ஓடுகின்றன. ஒரே திசையில் அடுக்கப்பட்ட இந்த இழைகளின் நீளவாக்கில் ஒரு ஒளிவிலகல் எண், குறுக்கே வேறொன்று. பார்தோலினின் கால்சைட் செய்ததைத் தசைநாணும் மெல்லிய அளவில் செய்கிறது. இதற்கு இரட்டை ஒளிவிலகல் என்று பெயர். ராமச்சந்திரன், ராமனிடம் பயின்றவர், இயற்பியலாளர் ராமசேஷனுடன் சேர்ந்து 1961-இல் படிக ஒளியியல் பற்றிய பெரும் கையேட்டு அத்தியாயத்தையும் எழுதியவர். கொலாஜனின் வடிவத்தைத் தந்த அதே மனிதர், ஒளி படிகங்களுக்குள் எப்படித் திரும்புகிறது என்பதையும் ஆழ்ந்து கற்றிருந்தார்.

சிதறல், இரட்டை ஒளிவிலகல், உறிஞ்சல் எல்லாம் ஒரே திசுவில் ஒன்றாக நடக்கும்போது இரண்டு தகடுகள் போதாது. 1852-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் எந்த ஒளியின் தளவிளைவு நிலையையும் நான்கு எண்களால் குறிக்கலாம் என்று காட்டினார். நான்கு எண்கள் உள்ளே போய் நான்கு எண்கள் வெளியே வந்தால், நடுவிலுள்ள பொருளை நான்குக்கு நான்கான 16 எண்களின் அணி விவரிக்கும். எம்.ஐ.டி.யின் ஹான்ஸ் முல்லர் 1940-களில் வளர்த்தெடுத்ததால் அது முல்லர் அணி எனப்படுகிறது. 16 எண்களில் திசுவின் மொழி கலந்துகிடக்கும். 1996-இல் லூவும் சிப்மனும் அதைப் பிரித்தெடுக்க ஒரு கணித வழி தந்தார்கள். தளவிளைவு எவ்வளவு குலைந்தது, இரட்டை ஒளிவிலகலால் எவ்வளவு பின்தங்கியது, ஒரு தளம் மற்றதைவிட எவ்வளவு அதிகம் இழந்தது என்று மூன்று தனித்தனிக் கணக்குகள் கிடைத்தன.

பாரிஸுக்கு அருகிலுள்ள எகோல் பாலிடெக்னிக்கில் அந்தோனெல்லோ டி மார்ட்டினோ, ஆஞ்செலோ பியராஞ்செலோ, தத்தியானா நொவிகோவா ஆகியோர் அறுவையில் எடுத்த பெருங்குடல் துண்டுகளை முல்லர் கேமராவால் படமெடுத்தார்கள். புற்று முளைவிடும் பகுதி, ஆரோக்கியமான பகுதியைவிடக் குறைவாகத் தளவிளைவைக் குலைத்தது. கருப்பை வாயிலோ ஆரோக்கியமான கொலாஜன் அடுக்கு இரட்டை ஒளிவிலகலைக் காட்ட, புற்றுக்கு முந்தைய மாற்றம் உள்ள இடத்தில் அது மங்கிப்போயிருந்தது. இந்தியாவில் கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் நிர்மால்ய கோஷ் இதே அணிகளைத் திசுவின் சிதறலில் பிரித்துப் படிக்கும் வழிகளை வளர்த்துவருகிறார்.

இப்போது இந்த 16 எண்கள் மூளை அறுவை அரங்கை நோக்கிப் போகின்றன. மூளையின் வெண்பொருளில் நரம்பு இழைகள் கட்டுக்கட்டாக ஒரே திசையில் ஓடுகின்றன, எனவே அவை இரட்டை ஒளிவிலகலைக் காட்டுகின்றன. கிளையோமா என்னும் மூளைக் கட்டிக்கு அந்த ஒழுங்கு இல்லை. வெள்ளை விளக்கின் கீழ் அறுவை மருத்துவருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். கட்டியை விட்டுவைத்தால் அது வளரும், இழைக்கட்டை வெட்டினால் நோயாளி பேச்சையோ கைகால் அசைவையோ இழப்பார். ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையும் எகோல் பாலிடெக்னிக்கும் இணைந்து நடத்தும் ஆய்வுகளில், எடுத்து வைத்த மூளைத் துண்டுகளின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியிலிருந்தே இழைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்ற வரைபடம் கிடைத்திருக்கிறது. உயிருள்ள மூளை நாடியோடு துடிக்கும், ரத்தம் மேலே படியும், பரப்பு சமமாக இருக்காது. அவற்றுக்கு நடுவே 16 அளவீடுகளையும் எடுத்துக் கணக்கிட்டு, அறுவை மருத்துவர் கத்தியை நகர்த்தும் முன் திரைக்கு அனுப்பியாக வேண்டும். அதற்கான வேகமான கேமராக்களிலும் கணக்கீட்டு முறைகளிலும்தான் இந்தத் துறையின் உழைப்பு இன்று குவிந்திருக்கிறது.